ஷரியத்துக்குத் தடை: ஓக்லஹோமாவின் திருத்தம் ஏன் நிற்கவில்லை? (வாசகர் கேள்விகளும் பதில்களும்)

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம், ஷரியத் சட்டத்தை நீதிமன்றங்கள் கருத்தில் கொள்ளக் கூடாது என்று தன் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த முயன்றதையும், அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வராமலே நீதிமன்றத்தில் வீழ்ந்ததையும் சென்ற இதழில் வேறொரு கேள்விக்கான பதிலில் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பலரும் எழுதியிருக்கிறீர்கள். சில கடிதங்களில் கோபம் இருக்கிறது, சிலவற்றில் உண்மையான அச்சம் இருக்கிறது. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை என்பதால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: நூற்றுக்கு எழுபது பேர் வாக்களித்து ஏற்ற ஒன்றை ஒரே ஒரு நீதிபதி நிறுத்திவைத்தது எப்படிச் சரியாகும்? மக்களாட்சியில் மக்கள்தானே எஜமானர்கள்?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2010-ஆம் ஆண்டு நவம்பர் 2 அன்று நடந்த தேர்தலில், ஓக்லஹோமா வாக்காளர்கள் முன் 755 என்ற எண்ணிட்ட மாநிலக் கேள்வி ஒன்று வைக்கப்பட்டது. மாநில நீதிமன்றங்கள் பிற நாடுகளின் அல்லது பிற பண்பாடுகளின் சட்டக் கோட்பாடுகளை நோக்கக் கூடாது, குறிப்பாகப் பன்னாட்டுச் சட்டத்தையோ ஷரியத் சட்டத்தையோ கருத்தில் கொள்ளக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அமெரிக்காவின் வேறொரு மாநிலத்தின் சட்டத்தைப் பின்பற்ற நேர்ந்தால்கூட, அந்தச் சட்டத்தில் ஷரியத் கலந்திருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. வாக்குச் சீட்டிலேயே விளக்கமும் அச்சிடப்பட்டிருந்தது: ஷரியத் என்பது இஸ்லாமியச் சட்டம் என்றும், குர்ஆனும் முகமது நபியின் போதனையும் அதன் இரு முதன்மை மூலங்கள் என்றும் வாக்காளருக்குச் சொல்லப்பட்டது. இந்த விளக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வழக்கில் இது பெரிய சான்றாக நின்றது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, நவம்பர் 4 அன்று, அமெரிக்க-இஸ்லாமிய உறவுகள் மன்றத்தின் ஓக்லஹோமா கிளைக்கு நிர்வாக இயக்குநராக இருந்த முனீர் அவத், மாநிலத் தேர்தல் வாரியத்தை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். எதிர்மனுதாரர் தேர்தல் வாரியம் என்பதற்குக் காரணம் உண்டு. வாக்கு முடிவை வாரியம் சான்றளித்தால்தான் திருத்தம் அரசமைப்புச் சட்டத்தில் சேரும். மாவட்ட நீதிபதி விக்கி மைல்ஸ்-லாகிரேஞ்ச் நவம்பர் 8 அன்று தற்காலிகத் தடையும், 29 அன்று இடைக்காலத் தடையும் விதித்ததால், அந்தச் சான்றளிப்பு நடக்கவே இல்லை. மாநிலம் மேல்முறையீட்டுக்குப் போனது. டென்வரில் உள்ள பத்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 2012 ஜனவரி 10 அன்று ஒருமனதாக அந்தத் தடையை உறுதி செய்தார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்காட் மேத்சன். 2013 ஆகஸ்டில் மாவட்ட நீதிமன்றம் அதை நிரந்தரத் தடையாக்கியது. ஆகவே நீங்கள் நினைப்பதுபோல் இது ஒரு நீதிபதியின் தனி முடிவு அன்று.

இனி, மக்கள் எஜமானர்களா என்ற கேள்வி. ஆம், எஜமானர்கள்தாம். ஆனால் அந்த எஜமானர்களே, தங்கள் கை எட்டாத உயரத்தில் சில உரிமைகளை முன்கூட்டியே வைத்துப் பூட்டிவிட்டார்கள். 1791-இல் நிறைவேறிய முதலாவது திருத்தம், மதத்தை நிறுவும் சட்டத்தையும் மதத்தைப் பின்பற்றுவதைத் தடுக்கும் சட்டத்தையும் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-இல் வந்த பதினான்காவது திருத்தத்தின் வழியாக, 1940-இலும் 1947-இலும் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில், அந்தக் கட்டுப்பாடு மாநிலங்களையும் பிணைத்தது. 1943-இல் மேற்கு வர்ஜீனியாவில், கொடிக்கு வணக்கம் செலுத்துவது தங்கள் மதத்துக்கு ஒவ்வாது என்று மறுத்த பள்ளிப் பிள்ளைகளின் வழக்கில், நீதிபதி ராபர்ட் ஜாக்சன் இதை மிகத் தெளிவாக எழுதினார்: உரிமைகளின் பட்டியல் (அரசமைப்பின் முதல் பத்துத் திருத்தங்கள்) இயற்றப்பட்டதன் நோக்கமே சில பொருள்களைப் பெரும்பான்மையின் எட்டுக்கு அப்பால் வைப்பதுதான், அவை எந்தத் தேர்தலின் முடிவையும் சார்ந்தவை அல்ல. அந்தத் தீர்ப்பு வந்தபோது நாடு போரில் இருந்தது, கொடியைப் பற்றிய உணர்ச்சி உச்சத்தில் இருந்தது. அந்த வேளையிலேயே அப்படிச் சொல்ல முடிந்தது என்பதை நான் மரியாதையுடன் நினைத்துப் பார்க்கிறேன்.

கேள்வி: திருத்தம் நடைமுறைக்கே வரவில்லை. அப்படியிருக்க மனுதாரருக்கு என்ன இழப்பு? இழப்பே இல்லாதவர் எப்படி வழக்குப் போட முடியும்?

இது சட்டம் படித்தவரின் கேள்வி. மாநில அரசும் இதையேதான் வாதிட்டது.

அவத்தின் மனுவில் எளிய பொருள் ஒன்று இருந்தது, அவருடைய உயில். தம் மார்க்கத்தின் போதனைகளைத் தழுவி அந்த உயிலை எழுதியிருப்பதாக அவர் சொன்னார். அவர் இறந்த பிறகு அதை மெய்ப்பிக்க வேண்டிய நீதிமன்றம், உயிலைத் திறந்து பார்க்கும்போது ஷரியத்தைச் சுட்டும் வரி வந்தவுடனே கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் தம் உயிலில் தம் தேவாலயத்தின் முறைப்படி என்று எழுதினால் அதைப் படிக்கத் தடை இல்லை; இவருடையதைப் படிக்க மட்டும் தடை. இறந்தவர் எழுந்து வந்து நீதிமன்றத்தில் விளக்கம் சொல்ல முடியாது என்பதால், இது ஒரு மனிதரின் கடைசிச் சொல்லையே செல்லாததாக்கும் காரியம்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொன்றையும் இழப்பாக ஏற்றது. மாநிலத்தின் உச்சச் சட்டமே ஒரு குடிமகனின் மதத்தைப் பெயர் சொல்லிக் கண்டிக்குமானால், அந்தக் கண்டனத்தின் கீழ் அவர் அன்றாடம் வாழ வேண்டியிருப்பதே ஓர் இழப்புத்தான். சான்றளிப்பு ஒன்றுதான் பாக்கி என்ற நிலையில், அந்த இழப்பு உடனடியாக நேரக்கூடியது. ஆகவே வழக்குத் தொடுக்கும் தகுதி அவருக்கு உண்டு என்று முடிவாயிற்று.

மாவட்ட நீதிபதி கவனித்த ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷரியத் என்ற சொல் ஏதோ ஒரு நாட்டின் சட்டப் புத்தகம்போல் வாக்காளர் முன் வைக்கப்பட்டது. ஆனால் ஓர் அமெரிக்க முஸ்லிமுக்கு அது தொழுகை, நோன்பு, உணவு, திருமணம், அடக்கம், கொடை ஆகியவற்றில் அவர் கடைப்பிடிக்கும் வழிமுறைதான்; அரசின் ஆணையாக வரும் சட்டத்தின் தன்மை அதற்கு இல்லை. அப்படியானால் தடை செய்யப்பட்டது சட்டம் அன்று, சமயம் என்று அவர் கண்டார்.

கேள்வி: நீதிமன்றம் எந்த அளவுகோலை வைத்துத் திருத்தத்தைச் சோதித்தது?

1982-இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை வைத்து. மினசோட்டா மாநிலம், தன் நன்கொடையில் பாதிக்கு மேல் உறுப்பினர் அல்லாதவர்களிடமிருந்து திரட்டும் மத அமைப்புகள் மட்டும் பதிவு செய்து கணக்குக் காட்ட வேண்டும் என்று விதி செய்தது. அந்த விதியில் எந்த மதத்தின் பெயரும் இல்லை. ஆனால் நடைமுறையில் அது பழைய, பெரிய தேவாலயங்களை விட்டுவிட்டுப் புதிய இயக்கங்களை மட்டும் பிடித்தது. அரசு ஒரு சமயப் பிரிவை இன்னொன்றைவிடத் தாழ்த்தி நடத்தினால், அதற்கு மிக அழுத்தமான பொது நலன் ஒன்றைக் காட்ட வேண்டும், அந்த நலனை எட்டுவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு குறுகலாகச் சட்டம் வெட்டப்பட்டிருக்கவும் வேண்டும் என்று லார்சன் எதிர் வேலன்டே என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது.

ஓக்லஹோமா தரப்பு, ஷரியத் என்பது வெறும் எடுத்துக்காட்டு, தடை எல்லாப் பிற பண்பாடுகளுக்கும் பொதுவானது என்று வாதிட்டது. வாசகத்தைத் திரும்பப் படித்தாலே அந்த வாதம் நிற்காது. திருத்தத்தில் பெயர் குறிப்பிடப்பட்ட ஒரே சமய மரபு ஷரியத்தான், அதுவும் இரண்டு இடங்களில். மினசோட்டா விதி ஒரு மதத்தின் பெயரையும் சொல்லாமலே விழுந்தது என்றால், பெயரையே எழுதிவைத்த இது எப்படித் தப்பும்?

அழுத்தமான நலன் என்ன என்று கேட்டபோதுதான் வழக்கின் உயிர்நாடி வெளிப்பட்டது. ஓக்லஹோமாவில் ஏதாவது ஒரு நீதிமன்றம் ஷரியத் சட்டத்தைப் பின்பற்றிய ஒரே ஒரு நிகழ்வாவது தங்களுக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு, மாநிலத்தின் தரப்பு தெரியாது என்று ஒப்புக்கொண்டது. திருத்தத்தை முன்மொழிந்தவர்களில் ஒருவரான சட்டமன்ற உறுப்பினர் ரெக்ஸ் டங்கனே, இது வருமுன் தொடுக்கும் தாக்குதல் என்றுதான் சொல்லிவந்தார். நடக்காத ஒன்றைத் தடுப்பதற்காக, வாழ்ந்துகொண்டிருக்கும் மனிதர்களின் உரிமையை வெட்ட முடியாது என்று நீதிமன்றம் கருதியது. என் கருத்தும் அதுவே.

கடைசிக் கட்டத்தில், ஷரியத் என்ற சொல்லை மட்டும் நீக்கிவிட்டு மற்றதைக் காப்பாற்றுங்கள் என்று மாநிலம் கேட்டுப் பார்த்தது. அந்தச் சொல்தான் திருத்தத்தின் நோக்கம், அது இல்லாமல் வாக்காளர்கள் இதை ஏற்றிருப்பார்கள் என்று கொள்ள முடியாது என்று கூறி, மாவட்ட நீதிமன்றம் முழுவதையும் தள்ளியது.

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு கணவன் தன் மனைவியைத் துன்புறுத்தியபோது, அவன் மதத்தில் அது சரி என்று சொல்லி ஒரு நீதிபதி பாதுகாப்பு ஆணை தர மறுத்தாராமே? பெண்களைக் காப்பாற்ற இத்தகைய தடை வேண்டாமா? நீங்கள் மதச்சார்பின்மை பேசி அந்தப் பெண்ணைக் கைவிடுகிறீர்கள்.

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்தக் குற்றச்சாட்டுக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது என்பதால் மற்றவற்றைவிட இங்கே கூடுதலாக எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வது நடந்தது. மொராக்கோவிலிருந்து வந்த இளம் மனைவி, 2009-இல் நியூ ஜெர்சியின் விசாரணை நீதிமன்றத்தில் கணவனுக்கு எதிராக நிரந்தரப் பாதுகாப்பு ஆணை கேட்டாள். அவன் அடித்ததையும், அவள் விருப்பத்துக்கு மாறாக உறவு கொண்டதையும் நீதிபதி நடந்ததாகவே ஏற்றார். ஆனால் கட்டாய உறவைப் பொறுத்தவரை, தன் மத வழக்கப்படி தனக்கு உரிமை உண்டு என்று அவன் நம்பியதால் குற்றமனம் இருக்கவில்லை என்று சொல்லி, ஆணை தர மறுத்தார். இதைப் படிக்கும்போது வயிறு எரியாதவர் இருக்க முடியாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2010 ஜூலையில் அந்த மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவைத் தூக்கி எறிந்தது. எல்லாருக்கும் பொதுவான குற்றவியல் சட்டத்திலிருந்து மத நம்பிக்கை ஒருவனுக்கு விலக்குத் தராது என்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலதார மணத்தைப் பற்றிய வழக்கிலிருந்து 1990-ஆம் ஆண்டின் தீர்ப்புவரை உச்ச நீதிமன்றம் சொல்லிவந்த விதி; அந்த விதியை எடுத்துக்காட்டியே அவளுக்கு நீதி வழங்கியது. அப்போது நியூ ஜெர்சியில் ஷரியத் தடைச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. இருந்த சட்டமே போதுமானதாக இருந்தது. அதை ஒருவர் தவறாகப் படித்தார், மேலே இருந்தவர்கள் திருத்தினார்கள்.

மேரிலாந்தில் 2008-இல் முடிந்த வழக்கையும் பாருங்கள். மனைவி அங்கே விவாகரத்து மனு போட்டு, கணவனின் ஓய்வூதியத்தில் தன் பங்கைக் கேட்டிருந்தாள். வழக்கு நடக்கும்போதே கணவன் வாஷிங்டனில் உள்ள பாகிஸ்தான் தூதரகத்துக்குப் போய்த் தலாக் சொல்லி ஆவணத்தில் கையெழுத்திட்டு, திருமணம் முடிந்துவிட்டது, மஹராக (கணவன் மனைவிக்குத் தர ஒப்பிய மணக்கொடையாக) ஏறத்தாழ 2,500 டாலரைத் தவிர எதுவும் தர வேண்டியதில்லை என்று வாதிட்டான். மாநிலத்தின் உச்ச நீதி அமைப்பு அந்தத் தலாக்கை ஏற்க மறுத்தது. மனைவிக்கு அதே உரிமை இல்லாத, அவளுக்கு முறையான அறிவிப்புக்கூட இல்லாத ஒரு விடுதலை, மாநிலத்தின் பொதுக் கொள்கைக்கு மாறானது என்று சொன்னது. அங்கும் தடைச் சட்டம் இல்லை.

இப்போது மறுபக்கம். தடை இருந்தால் அந்தப் பெண்களுக்கு என்ன நேரும்? நியூ ஜெர்சியிலேயே 2002-இல் ஒரு மனைவி, திருமணத்தின்போது கணவன் எழுதிக்கொடுத்த மஹரைக் கேட்டு வழக்காடினாள். ஒரு தங்கக் காசு உடனே, பத்தாயிரம் டாலர் பிற்பாடு என்பது ஒப்பந்தம். காசு கைமாறிவிட்டது, பத்தாயிரம் வரவில்லை. இது மத ஆவணம், அரசு நீதிமன்றம் இதைத் தொடக் கூடாது என்றான் கணவன். நீதிபதி திருமண வீடியோவைப் போட்டுப் பார்த்தார். இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, படித்து, தாங்களாகவே கையெழுத்திட்டது அதில் தெரிந்தது. முன்மொழிவு, ஏற்பு, தெளிவான தொகை, இருவரின் சம்மதம்: ஓர் ஒப்பந்தத்துக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது, கொடு என்று தீர்ப்பளித்தார். குர்ஆன் என்ன சொல்கிறது என்று அவர் ஓர் இடத்திலும் ஆராயவில்லை. ஓக்லஹோமா திருத்தம் போன்ற ஒன்று அங்கே இருந்திருந்தால், அந்தக் கணவன் அதையே கேடயமாகப் பிடித்திருப்பான். ஷரியத்தைச் சுட்டும் ஆவணத்தை நீதிபதி தொடவே முடியாது, பத்தாயிரம் டாலர் அவனிடமே இருந்திருக்கும்.

பெண்ணைக் காப்பதாகச் சொல்லிக் கொண்டுவரும் சட்டம், அவள் கையில் இருக்கும் ஒரே காகிதத்தைப் பறிக்கக் கூடாது. நான் உங்களோடு முரண்படுவது அந்த ஓர் இடத்தில்தான்.

கேள்வி: முஸ்லிம்களைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். யூதர்களும் கிறிஸ்தவர்களும் தங்கள் மதச் சட்டத்தோடு நீதிமன்றம் ஏறுவதில்லையா?

ஏறியிருக்கிறார்கள், அதுவும் நெடுங்காலமாக. இந்த வழக்குகளைக் கையாளும் முறையே அவர்களுடைய சச்சரவுகளில்தான் உருவானது.

1983-இல் நியூயார்க்கின் உச்ச நீதி அமைப்பின் முன் ஒரு யூதப் பெண் வந்தாள். குடிமைச் சட்டப்படி விவாகரத்து ஆகிவிட்டது. ஆனால் கணவன் மத முறைப்படியான விடுதலைப் பத்திரம் தந்தாலன்றி அவள் தன் மரபில் மறுமணம் செய்ய முடியாது. திருமணத்தன்று எழுதிய கெதுபா என்னும் ஒப்பந்தத்தில், பிணக்கு வந்தால் பெத் தின் என்ற சமய மன்றத்தின் முன் நிற்பதாக இருவரும் ஒப்பியிருந்தார்கள். கணவன் போக மறுத்தான். நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், அந்த மன்றத்தின் முன் போய் நில் என்று அவனுக்கு ஆணையிடலாம் என்று தீர்ப்பாயிற்று. மன்றம் என்ன சொல்ல வேண்டும் என்பதில் நீதிமன்றம் தலையிடவில்லை. போவதாகக் கொடுத்த வாக்கை மட்டும் நிறைவேற்றச் சொன்னது.

கிறிஸ்தவத் தேவாலயம் இரண்டாகப் பிளந்து, கட்டடம் யாருக்கு என்ற சண்டை வரும்போதும் இதே வழிதான். ஜார்ஜியாவின் மேக்கன் நகரத்துப் பிரஸ்பிட்டேரியன் சபையின் வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம் நடுநிலைக் கோட்பாடுகள் எனப்படும் இந்த முறையை ஏற்றது. எந்தப் பிரிவின் போதனை சரி என்று நீதிபதி பார்க்கக் கூடாது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, சபையின் சாசனத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம். 1925-ஆம் ஆண்டின் கூட்டாட்சி நடுவர் சட்டத்தின் கீழ், வணிகப் பிணக்குகளைச் சமய மன்றங்களிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தங்களும் மற்ற நடுவர் ஒப்பந்தங்களைப் போலவே நடத்தப்படுகின்றன. சம்மதம் உண்மையானதாக இருக்க வேண்டும், முடிவு பொதுக் கொள்கையை மீறக் கூடாது என்ற வேலி எல்லாருக்கும் பொது.

ஷரியத்துக்கு மட்டும் கதவைச் சாத்தினால் பாகுபாடு. எல்லா மதத்துக்கும் சாத்தினால், அந்த யூதப் பெண் உட்பட எண்ணற்றவர்களின் ஒப்பந்தங்கள் அந்தரத்தில் தொங்கும். இந்த இக்கட்டைத் திருத்தத்தை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: பிற நாடுகள், பிற பண்பாடுகள் என்றால் அமெரிக்காவின் பூர்வகுடிகளும் அதில் வருவார்களா?

வருவார்களோ என்ற கவலை அப்போதே எழுந்தது. ஓக்லஹோமாவில் 35-க்கும் மேற்பட்ட பூர்வகுடி இனங்கள் கூட்டாட்சி அரசின் ஏற்பு பெற்றவை. அவற்றுக்குத் தனி நீதிமன்றங்களும் உண்டு. அவை தங்களைத் தேசங்கள் என்றே அழைத்துக்கொள்கின்றன. பன்னாட்டுச் சட்டத்தைத் தொடாதே என்ற பகுதியிலும் சிக்கல் இருந்தது: கூட்டாட்சி அரசமைப்பின் ஆறாவது பிரிவு, அமெரிக்கா செய்துகொண்ட உடன்படிக்கைகளை நாட்டின் உச்சச் சட்டமாக்கி, மாநில நீதிபதிகளையும் அவற்றால் பிணைக்கிறது. அவத்தின் வழக்கு மதப் பாகுபாடு என்ற அடிப்படையிலேயே முடிந்துவிட்டதால், மேல்முறையீட்டு நீதிமன்றம் இவற்றுக்குள் போகவில்லை.

கேள்வி: ஓக்லஹோமாவுக்குப் பின் மற்ற மாநிலங்கள் பின்வாங்கினவா? இப்போதுள்ள சட்டங்களை எதிர்த்து வழக்குப் போட முடியுமா?

பின்வாங்கவில்லை, வாசகத்தை மாற்றிக்கொண்டன. டென்னசியும் லூயிசியானாவும் 2010-இலேயே, அரிசோனா 2011-இல், கான்சஸ் 2012-இல், வட கரோலினா 2013-இல் எனப் பல மாநிலங்கள், வழக்கறிஞர் டேவிட் யெருஷால்மி வரைந்த ஒரு மாதிரிச் சட்டத்தைத் தழுவியோ அதைப் போலவோ சட்டங்கள் இயற்றின. ஓக்லஹோமாவே 2013-இல் அத்தகைய ஒன்றை நிறைவேற்றியது. அலபாமா 2014-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அரசமைப்பில் சேர்த்தது. அங்கும் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். இந்தச் சட்டங்களின் பொதுவான வாசகத்தில் ஷரியத் என்ற சொல் இல்லை. அயல்நாட்டுச் சட்டத்தைப் பின்பற்றுவது அரசமைப்பு தரும் அடிப்படை உரிமையை மீறுமானால் அதைப் பின்பற்றக் கூடாது என்ற அளவில் எழுதப்பட்டிருக்கும்.

அரசமைப்புக்கு மாறானதை நீதிமன்றம் எப்படியும் ஏற்கப் போவதில்லை. ஆகவே, ஏட்டளவில் பார்த்தால் இந்தச் சட்டங்கள் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. அதனால்தான் இவற்றை நேரடியாக எதிர்ப்பது கடினமாகிறது: பெயர் இல்லை, ஆகவே வாசகத்தைப் பார்த்த அளவில் பாகுபாடு இல்லை. ஆனால் 1993-இல், புளோரிடாவின் ஹயலியா நகரம் விலங்குப் பலிக்கு விதித்த தடையை உச்ச நீதிமன்றம் தள்ளியபோது, வாசகம் நடுநிலைபோல் தோன்றினாலும் ஒரு சமயத்தாரைக் குறிவைத்து வரையப்பட்டது என்று விதியின் அமைப்பிலிருந்தே தெரிந்தால் அது செல்லாது என்று காட்டியது. ஒரு முஸ்லிமின் உயிலோ மஹரோ, அதே தன்மையுள்ள மற்றவரின் ஆவணம் ஏற்கப்படும் இடத்தில் மறுக்கப்பட்டால், அந்த ஒரு வழக்கை வைத்து எதிர்ப்பது சாத்தியம். 2025 ஜூனில் விஸ்கான்சினின் கத்தோலிக்க அறக்கட்டளை ஒன்றின் வரிவிலக்கு வழக்கில், 1982-ஆம் ஆண்டின் அதே லார்சன் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் ஒருமனதாக உயர்த்திப் பிடித்திருக்கிறது. ஆகவே அவத்தின் வழக்கு நின்ற அடித்தளம் இன்றும் உறுதியாகவே இருக்கிறது.

இந்தச் சட்டங்களால் யாருக்கும் தீங்கில்லை என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2011 ஆகஸ்டிலேயே ஒட்டுமொத்தத் தடைகளை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. மிசௌரியின் ஆளுநர் ஜே நிக்சன் 2013-இல் அத்தகைய மசோதாவை மறுதலித்தபோது சொன்ன காரணம் மதத்தைப் பற்றியதே அன்று. வெளிநாட்டிலிருந்து பிள்ளையைத் தத்தெடுக்கும் குடும்பங்களுக்கு அது இடையூறாகும் என்றார். வேறொரு நாட்டின் நீதிமன்ற ஆணையோடு வந்து சேரும் குழந்தையின் முன், அந்த ஆணை நம் உரிமைகளோடு ஒத்துப்போகிறதா என்று புதிதாக ஒரு வழக்காட வேண்டியிருந்தால், அந்தப் பெற்றோரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். மார்க்க முறைப்படி என் சொத்தைப் பிரிக்க உயில் எழுத விரும்புகிறேன். நீதிமன்றம் தள்ளிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பயப்பட வேண்டாம், ஆனால் எழுதும் முறையில் கவனம் வேண்டும். ஷரியத்தின்படி என் சொத்தைப் பிரியுங்கள் என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். அப்படி எழுதினால், எந்த மத்ஹபின் (மார்க்கச் சட்ட மரபின்) கணக்கு, யார் வாரிசு என்பதையெல்லாம் நீதிபதி முடிவு செய்ய வேண்டியிருக்கும். மதக் கோட்பாட்டுக்குள் போகக் கூடாதவர் என்பதால் அவர் அங்கேயே நின்றுவிடுவார். மார்க்க அறிஞரிடம் கணக்கைக் கேட்டு, வந்த விடையை மட்டும் எழுதுங்கள்: மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, இன்ன மகனுக்கு இவ்வளவு, இன்ன மகளுக்கு இவ்வளவு என்று பெயரும் பின்னமுமாக. நம்பிக்கையைப் பற்றிய வரி ஒன்றை முகப்பில் வைத்துக்கொள்ளலாம். பிரிவினை அந்த வரியை நம்பி நிற்கக் கூடாது.

அடுத்து, பெரும்பாலான மாநிலங்களில் வாழ்க்கைத் துணை உயிலை ஒதுக்கிவிட்டுச் சட்டம் தரும் தன் பங்கைக் கேட்டுப் பெறலாம். சில மாநிலங்களில் மணவாழ்வில் ஈட்டியதில் பாதி தொடக்கத்திலிருந்தே துணைக்குச் சொந்தம். ஆகவே மனைவியோடு உட்கார்ந்து பேசி, அவர் முழு மனதோடு இசைந்தால் மட்டும், அவருக்கெனத் தனி வழக்கறிஞர் வைத்து எழுத்தில் வாங்குங்கள். சாட்சிகளின் எண்ணிக்கையையும் கையெழுத்து முறையையும் நீங்கள் வசிக்கும் மாநிலத்தின் சட்டப்படியே செய்யுங்கள். பெரும்பாலும் இரண்டு சாட்சிகள் போதும்.

அடக்கம் பற்றிய விருப்பத்தை உயிலில் மட்டும் எழுதிவைக்காதீர்கள். உயிலைப் பிரித்துப் படிப்பதற்குள் அடக்கமே முடிந்துவிடும். அதற்கென்று மாநிலச் சட்டம் இடம் தரும் தனிப் பத்திரத்தில், யார் பொறுப்பேற்க வேண்டும் என்று ஒருவரை நியமித்து, ஒரு படியை அவர் கையிலேயே கொடுத்துவையுங்கள்.